ஒரே சிறை முகாம், எதிரெதிர் ராணுவங்கள்: தமிழ்நாட்டின் முதல் ராணுவத் தலைமைத் தளபதி குமாரமங்கலத்தின் கதை

1966. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு பெரிய போரை முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்திய ராணுவத்துக்குப் புதுத் தலைமைத் தளபதி வருகிறார். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஜெனரல் பி.பி.குமாரமங்கலம். சில மாதங்களில் பாகிஸ்தான் ராணுவத்துக்கும் புதுத் தளபதி வருகிறார். அவர் ஜெனரல் யாஹ்யா கான்.

எல்லையின் இரு பக்கமும் நின்ற இந்த இருவரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரில் எதிரியிடம் பிடிபட்டு, இத்தாலியில் ஒரே முகாமில் போர்க்கைதிகளாக அடைபட்டுக் கிடந்தவர்கள். ஒரே பிரிட்டிஷ் இந்திய ராணுவம், ஒரே சீருடை, ஒரே முள்வேலி.

அதன் பிறகு பாதை பிரிந்தது. 1969 மார்ச்சில் யாஹ்யா கான் தன் நாட்டின் ஆட்சியையே கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த மூன்றாவது மாதம், பதவிக்காலம் முடிந்த அன்று குமாரமங்கலம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மானெக்‌ஷா பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த தமிழரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்?

யார் இந்தக் குமாரமங்கலம்?

முழுப் பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1913 ஜூலை 1-ல் பிறந்தவர். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பம்.

அப்பா டாக்டர் பி.சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிறகு காங்கிரஸில் சேர்ந்து, 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சரானார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர் இவர். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதர், மத்திய அமைச்சர், கடைசியாக மகாராஷ்டிர ஆளுநர்.

அம்மா ராதாபாய் சுப்பராயன். மங்களூரைச் சேர்ந்தவர். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938-ல், இன்றைய மாநிலங்களவையின் முன்னோடியான 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்' அவைக்குத் தேர்வான முதல் பெண். அப்பாவும் அம்மாவும் வேறு வேறு சாதி, வேறு வேறு தாய்மொழி. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கல்யாணம் நடப்பதே பெரிய விஷயம்.

இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர்தான் நம் ஜெனரல். அடுத்தவர் கோபால், நிர்வாகத் துறைக்குப் போனார். மூன்றாவது மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்ட் தலைவர், வழக்கறிஞர், பின்னாளில் மத்திய அமைச்சர். கடைசியாக ஒரே தங்கை பார்வதி கிருஷ்ணன், கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி.

ஒரே வீட்டில் காங்கிரஸ், கம்யூனிஸம், பிரிட்டிஷ் ராணுவம் என எல்லாமே இருந்தன.

ஏன் பீரங்கிப் படை?

குமாரமங்கலம் இங்கிலாந்துக்குப் போய் ஊல்விச் ராயல் மிலிட்டரி அகாடமியில் பயிற்சி பெற்றார். 1933-ல் அதிகாரியானார். ஊல்விச் என்பது பீரங்கிப் படைக்கும் பொறியியல் பிரிவுக்கும் அதிகாரிகளைத் தயார் செய்யும் இடம். காலாட்படை, குதிரைப்படைக்கு ஆட்கள் சாண்ட்ஹர்ஸ்டில் தயாரானார்கள்.

இங்கே ஒரு பின்னணி தெரிந்தால்தான் இந்தத் தேர்வின் எடை புரியும்.

1857 கிளர்ச்சியில் பிரிட்டிஷார் கற்ற முக்கியமான பாடம், பீரங்கி இந்தியர் கையில் இருக்கக் கூடாது என்பதுதான். துப்பாக்கியோடு எழும் சிப்பாயைச் சமாளிக்கலாம், பீரங்கியோடு எழுந்தால் கஷ்டம் என்பது அவர்கள் கணக்கு. அதனால் வடமேற்கு எல்லையில் மலைகளில் சண்டை போட்ட சில சிறு பீரங்கிப் பிரிவுகளைத் தவிர, மற்ற எல்லாமே வெள்ளைக்காரர் கைக்குப் போய்விட்டன. இந்தியச் சிப்பாய் காலாட்படையில் சாகலாம், குதிரைப்படையில் சாகலாம். பெரிய பீரங்கியைத் தொட மட்டும் முடியாது.

இந்தத் தடை கிட்டத்தட்ட 80 வருஷம் நீடித்தது. 1935 ஜனவரியில் பெங்களூருவில் இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு தொடங்கப்பட்டது. 'ஏ ஃபீல்டு பிரிகேடு' என்று பெயர். பீரங்கியை இழுக்கக் குதிரைகள் இருந்த காலம். அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் சில இந்திய அதிகாரிகளில் குமாரமங்கலமும் ஒருவர்.

அதாவது, மூன்று தலைமுறையாக இந்தியருக்கு மூடியிருந்த கதவு திறந்தபோது உள்ளே நுழைந்த முதல் வரிசையில் ஒரு தமிழர் இருந்தார்.

அண்ணன் சீருடையில், தம்பி சிறையில்

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. இந்தியத் தலைவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்துவிட்டார். எதிர்ப்புத் தெரிவித்து மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. சுப்பராயனும் பதவி இழந்தார்.

அதே நேரத்தில் கேம்பிரிட்ஜில் படித்து முடித்துத் திரும்பிய மோகன், தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியில் தீவிரமாக இறங்கினார். பி.ராமமூர்த்தி, சி.எஸ்.சுப்பிரமணியம் ஆகியோரோடு அவர்மீதும் சென்னைச் சதி வழக்கு போடப்பட்டது. பிரிட்டிஷ் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிறைக்குப் போனார்.

நினைத்துப் பாருங்கள். மூத்த மகன் பிரிட்டிஷ் மன்னரின் பெயரால் போர்க்களத்தில். மூன்றாவது மகன் அதே மன்னருக்கு எதிராகச் சதி செய்ததாகச் சிறையில். அப்பா அந்த அரசை எதிர்த்துப் பதவியை விட்டவர்.

இதில் யார் தேசபக்தர், யார் இல்லை? இன்று சமூக ஊடகத்தில் ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் 1940-களின் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு எளிதான பதில் கிடையாது. அந்தப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் சீருடை அணிந்திருந்தார்கள். சுதந்திர இந்தியாவின் ராணுவமே அவர்களிலிருந்துதான் உருவானது. சிறைக்குப் போனவர்கள் இல்லாமல் சுதந்திரம் வந்திருக்காது. சுப்பராயன் வீட்டில் இந்த இரண்டு கதையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன, அவ்வளவுதான்.

1942 மே 27: பாலைவனத்தில் ஒரு காலை

லிபியா. ஜெர்மன் தளபதி ரோமெல் கசாலா என்ற இடத்தில் பெரும் தாக்குதலைத் தொடங்குகிறார். பிரிட்டிஷ் பாதுகாப்பு வரிசையின் தெற்கு முனையில் பீர் ஹக்கீம் கோட்டையைப் பிரெஞ்சு வீரர்கள் காக்கிறார்கள். அதற்குச் சில கிலோமீட்டர் தென்கிழக்கே, வரைபடத்தில் 'பாயின்ட் 171' என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு வெற்று மேடு. அங்கே 3-வது இந்திய மோட்டார் பிரிகேடு. இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்கள், குதிரையை விட்டு லாரிக்கு மாறியவை. அவர்களுக்குத் துணையாக 2-வது இந்திய ஃபீல்டு ரெஜிமென்ட்டின் பீரங்கிகள். அதில்தான் குமாரமங்கலம் இருந்தார்.

அவர்கள் அந்த இடத்துக்கு வந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. பதுங்குகுழிகளும் கண்ணிவெடி வரிசைகளும் முழுமையாகவில்லை. அவர்களிடம் டாங்கிகளும் இல்லை.

விடிந்தபோது ரோமெலின் படை தெற்கே சுற்றிக்கொண்டு வந்திருந்தது. இத்தாலியின் அரியெட்டே டாங்கி டிவிஷன் நேராக இந்தியர்கள்மீது ஏறியது.

25 பவுண்டர் பீரங்கி என்பது பல கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கிக் குண்டு வீசுவதற்கானது. அன்று காலை அதன் குழாயைத் தாழ்த்தி, கண்ணெதிரே வரும் டாங்கியைப் பார்த்துச் சுட வேண்டியிருந்தது. மணல்வெளியில் ஒளிவதற்கு இடமே இல்லை. டாங்கி சுடுவதற்குள் நாம் சுட வேண்டும், இல்லையென்றால் பீரங்கியோடு அதை இயக்கும் ஆட்களும் போய்விடுவார்கள். பல டாங்கிகளை அந்த இந்தியப் பீரங்கிகள் முடக்கின. ஆனாலும் சில மணி நேரத்தில் பிரிகேடு வீழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காயமடைந்தார்கள். ஏராளமானோர் பிடிபட்டார்கள். அவர்களில் சுமார் 600 பேருக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாததால், எதிரியே அவர்களைப் பாலைவனத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் தட்டுத் தடுமாறி பீர் ஹக்கீமில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ராணுவக் கணக்கில் அது தோல்வி. ஆனால் தோற்ற சண்டையிலும் கடைசிவரை பீரங்கியை விடாமல் நின்றதற்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. எனப்படும் 'டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் ஆர்டர்' விருது கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவ அமைப்பில் இது மிக உயர்ந்த வீர விருதுகளில் ஒன்று. இதைப் பெற்ற இந்திய அதிகாரிகள் மிகச் சிலரே.

விருதைக் கையில் வாங்கும் நிலையில் அவர் இல்லை. அந்த வருஷம் அவர் கைதியாகிவிட்டார்.

முள்வேலிக்குள் நடந்தது என்ன?

வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்திய அதிகாரிகளை இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் அவெர்ஸா என்ற ஊரில் ஒரு முகாம். இந்து, முஸ்லிம், சீக்கியர் என எல்லா மதத்து அதிகாரிகளும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். அவர்களில் இருவர் பின்னாளில் பாகிஸ்தான் வரலாற்றில் முக்கியமானவர்கள் ஆனார்கள். ஒருவர் யாஹ்யா கான். இன்னொருவர் சாஹிப்சாதா யாகூப் கான், பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர்.

கைதி வாழ்க்கை என்றால் என்ன? பெரும்பாலும் பசி, அதைவிட அதிகமாகச் சலிப்பு. செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலத்துக்குக் காத்திருப்பது, பழைய புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது, தப்பிக்கத் திட்டம் போடுவது. யாகூப் கான் அந்த நேரத்தில் இத்தாலிய மொழியைக் கற்றுக்கொண்டார்.

அங்கே இன்னொரு சோதனையும் இருந்தது. ஜெர்மனியில் சுபாஷ் சந்திர போஸ் 'சுதந்திர இந்திய லீஜியன்' என்ற படையைத் திரட்டிக்கொண்டிருந்தார். அதற்கான ஆட்கள் பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகள். சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள். பிரிட்டிஷாருக்கு எடுத்த சத்தியப் பிரமாணத்தைவிட நாட்டின் விடுதலை பெரிது என்று அவர்கள் நினைத்தார்கள். எடுத்த பிரமாணத்தை மீறுவதில்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். குமாரமங்கலம் இரண்டாவது வரிசையில் நின்றார். சிறையில் தம்பியைப் போட்ட அரசுக்குக் கொடுத்த வாக்கு அது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தப்பினார், மீண்டும் சிக்கினார்

1943 செப்டம்பர் 8. இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வெளியானது. இத்தாலியக் காவலர்களின் பிடி தளர்ந்தது. ஆனால் ஜெர்மன் படை உடனே நாட்டைக் கைப்பற்றத் தொடங்கியது. அந்தக் குழப்பமான நாட்களில் ஆயிரக்கணக்கான கைதிகள் மலைகளுக்குள் ஓடி மறைந்தார்கள். பிடிபட்டால் வீட்டையே கொளுத்துவார்கள் என்று தெரிந்தும், ஏழை இத்தாலிய விவசாயக் குடும்பங்கள் அவர்களுக்கு ரொட்டியும் படுக்க இடமும் கொடுத்தன.

குமாரமங்கலமும் தப்பினார். கூடவே யாகூப் கானும் இருந்தார். வழியில் குமாரமங்கலம் கீழே விழுந்து கணுக்காலில் அடிபட்டது, அதனால்தான் அவரால் மேலே போக முடியவில்லை என்று ராணுவ வட்டாரத்தில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, அவர் ஜெர்மானியரிடம் மீண்டும் சிக்கினார்.

இந்த முறை அவரை ஜெர்மனியின் 'ஸ்டாலாக் லுஃப்ட் 3' முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அந்த இடம் போலந்தில் இருக்கிறது. 1944 மார்ச்சில் சுரங்கம் தோண்டி 76 கைதிகள் தப்பியதும், பிடிபட்டவர்களில் 50 பேரை ஹிட்லரின் ஆட்கள் சுட்டுக் கொன்றதும் இந்த முகாமில்தான். ஹாலிவுட் அதைப் படமாகவும் எடுத்தது.

யாஹ்யா கானுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மூன்றாவது முயற்சியில் தப்பி நேச நாட்டுப் படைகளிடம் போய்ச் சேர்ந்தார். குமாரமங்கலம் போர் முடியும் 1945 வரை கைதியாகவே இருந்தார். ஒரு அதிகாரி மேலே ஏறும் வயதில், மூன்று வருஷம் முள்வேலிக்குள் போனது.

1947: பங்கு பிரித்த ராணுவம்

நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. ரெஜிமென்ட், பீரங்கி, லாரி என எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். யாஹ்யாவும் யாகூபும் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார்கள். குமாரமங்கலம் இந்தியாவில்.

அதன் பிறகு அவர் படிப்படியாக உயர்ந்தார். பெரிய சோதனைக் காலம் 1962-ல் வந்தது. அந்த அக்டோபர் 6-ல், மகாராஷ்டிர ஆளுநராக இருந்த அப்பா சுப்பராயன் காலமானார். இரண்டே வாரத்தில், அக்டோபர் 20-ல் சீனா தாக்கியது. இந்தியா மோசமாகத் தோற்றது.

தோற்ற பிறகு சரிசெய்யும் வேலை யாருக்குப் போனது? சீன எல்லையின் கிழக்குப் பகுதியைக் கவனிக்கும் கிழக்குப் பிராந்தியத் தளபதியாக 1963-ல் குமாரமங்கலம் பொறுப்பேற்றார். உயரமான மலையில் சண்டை போடுவதற்கென்றே புது மலைப் பிரிவுகள் உருவான காலம் அது. ராணுவத்தின் அளவை 8.25 லட்சமாக உயர்த்த 1964-ல் அரசு திட்டம் போட்டது. சாலை, குளிருக்குத் துணி, ரேடியோ, பீரங்கி நிலைகள் என ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. கேமரா முன்னால் நடக்காத, பெயர் வராத வேலை இது.

1965 பாகிஸ்தான் போரின்போது அவர் ராணுவத் துணைத் தலைமைத் தளபதி. 1966 ஜூன் 8-ல் தலைமைத் தளபதி. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். அவருக்குப் பிறகு இன்னொரு தமிழரான ஜெனரல் சுந்தர்ஜி அந்த நாற்காலிக்கு வர 20 வருஷம் ஆனது.

ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். சீனப் போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. பலர் கைதானார்கள். ஜெனரலின் தம்பியும் தங்கையும் ஊரறிந்த கம்யூனிஸ்ட்கள். பார்வதி கிருஷ்ணன் அதற்குள் மாநிலங்களவை, மக்களவை இரண்டிலும் உறுப்பினராக இருந்துவிட்டார். ஆனாலும் அரசு அண்ணனை அவருடைய வேலையை வைத்துத்தான் எடைபோட்டது. தம்பி தங்கையின் கட்சியை வைத்து அல்ல.

கடைசித் தேர்தல் என்றார்கள்

அவர் பதவியேற்ற நேரம், நாடு நெருக்கடியில் இருந்தது. நேருவும் லால் பகதூர் சாஸ்திரியும் அடுத்தடுத்து மறைந்துவிட்டார்கள். பஞ்சம், விலைவாசி, ரூபாய் மதிப்புக் குறைப்பு, மிசோ மலைகளில் கிளர்ச்சி. 1965-ல் நம் மாநிலத்தில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் ஆறவில்லை.

1967 பொதுத்தேர்தல் நெருங்கியது. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் டெல்லிச் செய்தியாளர் நெவில் மேக்ஸ்வெல், இந்திய ஜனநாயகம் சிதைந்துகொண்டிருக்கிறது, இதுதான் கடைசிப் பொதுத்தேர்தல் என்ற பொருளில் தொடர் கட்டுரை எழுதினார். அடுத்து அதிகாரம் ராணுவத்தின் பக்கம் சாயும் என்பது அந்தக் கணிப்பின் போக்கு. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாகிஸ்தானில் 1958-லேயே ராணுவ ஆட்சி. பர்மாவில் 1962-ல். இந்தோனேசியாவிலும் அப்போது ராணுவத்தின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது இந்தியாதான் என்று உலகம் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கணிப்பு பலிக்க வேண்டுமென்றால் நகர வேண்டிய நபர் யார்? ராணுவத் தலைமைத் தளபதி. அதாவது குமாரமங்கலம்.

தேர்தல் நடந்தது. மத்தியில் காங்கிரஸின் பெரும்பான்மை சுருங்கியது. பல மாநிலங்களில் ஆட்சியே பறிபோனது. சென்னையில் அண்ணா தலைமையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. எல்லா இடத்திலும் புது அரசுகள் அமைதியாகப் பொறுப்பேற்றன. ராணுவம் முகாமை விட்டு அசையவில்லை.

நடக்காத ஒன்றுக்கு வரலாற்றில் பக்கம் ஒதுக்க மாட்டார்கள். ஆனால் 1967-ல் நடக்காமல் போன அந்த ஒன்றின் பலனைத்தான் நாம் ஒவ்வொரு தேர்தலிலும் விரலில் மையாக வைத்துக்கொள்கிறோம்.

நாதுலா: பீரங்கி பேசிய நாட்கள்

அதே 1967 செப்டம்பர். சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயில் இந்திய வீரர்கள் கம்பிவேலி போடத் தொடங்கினார்கள். சீன வீரர்கள் தடுத்தார்கள். 11-ஆம் தேதி சீனத் தரப்பு திடீரென இயந்திரத் துப்பாக்கியால் சுட, வெட்டவெளியில் நின்ற இந்திய வீரர்கள் பலர் விழுந்தார்கள். அதன் பிறகு இந்தியா உயரமான நிலைகளிலிருந்து பீரங்கியால் பதிலடி கொடுத்தது. சண்டை சில நாட்கள் தொடர்ந்தது. அக்டோபர் 1-ல் பக்கத்திலுள்ள சோலாவிலும் மோதல். இந்தியாவின் கணக்குப்படி, நம் தரப்பில் 88 பேர் உயிரிழந்தார்கள். சீனத் தரப்பில் இழப்பு சுமார் 340.

களத்தில் முடிவெடுத்தவர் டிவிஷன் தளபதி சகத் சிங். அவருக்கு மேலே கிழக்குப் பிராந்தியத் தளபதியாக மானெக்‌ஷா. புகழ் அவர்களுக்குச் சேர்ந்தது, அது நியாயமும்கூட. ஆனால் 1962-ல் ஓடிய ராணுவம் ஐந்து வருஷத்தில் அதே எதிரியின் முன் அசையாமல் நின்றதற்குப் பின்னால், இடைப்பட்ட வருஷங்களில் அதைத் திரும்பக் கட்டியவர்களின் உழைப்பு இருக்கிறது. ஒருகாலத்தில் இந்தியன் தொடக்கூடாது என்று வைத்திருந்த பீரங்கிதான் அந்தச் சண்டையைத் தீர்மானித்தது. அப்போது ராணுவத்தின் உச்சியில் இருந்தவர், முதல் இந்தியப் பீரங்கிப் பிரிவிலிருந்து வந்தவர்.

மார்ச் 1969, ஜூன் 1969

இப்போது தொடக்கத்துக்குத் திரும்புவோம்.

1969 மார்ச் 25. பாகிஸ்தானில் மக்கள் போராட்டத்தால் அயூப் கான் விலக, ராணுவத் தளபதி யாஹ்யா கான் ராணுவச் சட்டத்தை அறிவித்து ஆட்சியை எடுத்துக்கொண்டார். ஜனாதிபதியும் அவரே, ராணுவத் தளபதியும் அவரே. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1971 மார்ச் 25 இரவில், டாக்காவில் அவருடைய ராணுவம் சொந்த மக்கள்மீதே பாய்ந்தது. கிழக்கு பாகிஸ்தானில் பொறுப்பில் இருந்த யாகூப் கான், ராணுவ நடவடிக்கை தீர்வாகாது என்று அந்த மாதத் தொடக்கத்திலேயே ராஜினாமா செய்திருந்தார். அந்த டிசம்பரில் பாகிஸ்தான் உடைந்தது. சுமார் 93,000 பேர் இந்தியாவிடம் போர்க்கைதிகளானார்கள். முள்வேலிக்குள் இருப்பது என்னவென்று தெரிந்த ஒரு மனிதரின் உத்தரவுதான் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

1969 ஜூன் 7. டெல்லியில் குமாரமங்கலம் ஓய்வுபெற்றார். மறுநாள் மானெக்‌ஷா பொறுப்பேற்றார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று மன்னரின் ஆணையோடு வந்த அதிகாரிகளில் கடைசித் தலைமைத் தளபதி குமாரமங்கலம். டேராடூன் ராணுவ அகாடமியில் உருவாகி அந்தப் பதவிக்கு வந்த முதல்வர் மானெக்‌ஷா.

ஒரே பயிற்சி, ஏன் இருவேறு முடிவு?

ஒருவர் நல்லவர், இன்னொருவர் கெட்டவர் என்று முடித்துவிடலாம். ஆனால் கதை அவ்வளவு சின்னதில்லை.

இந்தியாவுக்கு 1950-லேயே அரசியலமைப்புச் சட்டம் வந்துவிட்டது. 1951-52-ல் பொதுத்தேர்தல். 1955-ல் ராணுவத்தின் 'கமாண்டர் இன் சீஃப்' பதவியையே எடுத்துவிட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனித் தலைமைத் தளபதிகளை வைத்தார்கள். எந்த ஒரு ஜெனரலும் எல்லாப் படைக்கும் முதலாளி இல்லை. பதவிக்காலமும் வரையறுக்கப்பட்டது. பாகிஸ்தானில் முதல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது 1956-ல். தேசிய அளவில் முதல் பொதுத்தேர்தல் 1970-ல். நடுவில் இருந்த வெற்றிடத்தை ராணுவம் நிரப்பியது.

சரி, அப்படியென்றால் குமாரமங்கலத்துக்கு இதில் என்ன பங்கு? அமைப்பு என்பது கட்டடம் மாதிரி. அதற்குள் இருப்பவர் தினமும் அதன் விதியை மதித்தால்தான் அது நிற்கும். பலவீனமான அரசு, கொந்தளிப்பான தெரு, தூண்டிவிடும் கணிப்புகள் எல்லாம் கூடி வந்த மூன்று வருஷத்தில், அவர் தன் வேலையின் எல்லை எதுவென்று தெரிந்து அதற்குள்ளேயே நின்றார். தம்பியும் தங்கையும் ஒரு கட்சி, அப்பா இன்னொரு கட்சி என்று வளர்ந்தவருக்கு அரசியல் தெரியாமல் இல்லை. அது வீட்டில் பேசும் விஷயம், சீருடையோடு பேசும் விஷயம் இல்லை என்பதில் தெளிவாக இருந்தார்.

பிறகு?

1970-ல் பத்மவிபூஷண் விருது. ஓய்வுக்குப் பிறகு குதிரையேற்றம், விளையாட்டு, வனவிலங்குப் பாதுகாப்பு என்று அமைதியான வாழ்க்கை. குடும்பத்தில் இழப்புகளும் வந்தன. நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியதில் முக்கியப் பங்காற்றிய தம்பி மோகன், 1973 மே 31-ல் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார்.

2000 மார்ச் 13-ல் குமாரமங்கலம் காலமானார். வயது 86.

போரில் ஜெயித்த தளபதிகளுக்குச் சிலை கிடைக்கிறது, சினிமா கிடைக்கிறது. தோற்ற சண்டையில் பீரங்கியோடு நின்றவர், மூன்று வருஷம் கைதியாகக் கிடந்தவர், தோல்விக்குப் பின் ராணுவத்தைச் சரிசெய்தவர், நேரம் வந்ததும் நாற்காலியை விட்டவர். இப்படிப்பட்டவரைப் படமெடுப்பது கஷ்டம். திருச்செங்கோடு வழியாகப் போகும்போது குமாரமங்கலம் என்ற ஊர்ப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டால், இந்தக் கதையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: குமாரமங்கலம் வாழ்க்கை

1913 – பிறப்பு
1933 – ஊல்விச் பயிற்சிக்குப் பின் ராணுவ அதிகாரி
1942 – லிபியா, பாயின்ட் 171 சண்டை, டி.எஸ்.ஓ. விருது, போர்க்கைதி
1943 – இத்தாலியில் தப்பி மீண்டும் சிக்கினார்
1945 – விடுதலை
1963 – கிழக்குப் பிராந்தியத் தளபதி
1965 – பாகிஸ்தான் போரின்போது துணைத் தலைமைத் தளபதி
1966 ஜூன் 8 – ராணுவத் தலைமைத் தளபதி
1967 – நாதுலா, சோலா மோதல்கள்
1969 ஜூன் 7 – ஓய்வு
1970 – பத்மவிபூஷண்
2000 மார்ச் 13 – மறைவு